ரசிகரின் ஒலிப்பதிவு: நினைவா, குற்றமா?

புது தில்லி: பிரிட்டனின் 'டெபெஷ் மோட்' என்ற சிந்த்-பாப் இசைக் குழு, 1988 ஜூன் 18-ஆம் தேதி அமெரிக்காவின் பாசடீனா நகரில் நடத்திய நிகழ்ச்சி, மறு ஆண்டே '101' என்ற பெயரில் இசைத் தொகுப்பாக வெளியானது. ஆனால், வெளிநாட்டுப் பயணங்களில் நடைபெறும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அரங்கில் நின்ற ரசிகர் பதிவு செய்ததே பல நேரங்களில் எஞ்சும் ஒரே சான்று.

இத்தகைய குழு இந்திய மேடையில் பாடும்போது ரசிகர் பதிவு செய்தால் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துக் கலைஞர்களுக்கான உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே இடம்பெற்றது. 2012-இல் மாநிலங்களவை மே 17-ஆம் தேதியும், மக்களவை மே 22-ஆம் தேதியும் நிறைவேற்றிய திருத்தம் அவ்வுரிமையை விரிவாக்கியது.

எனினும், சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்பவருக்கு 39-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அதே பதிவைப் பிறருக்குப் பரப்பினால் நிலைமை மாறிவிடும். தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 63-ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. லாப நோக்கம் இல்லையெனில், காரணம் கூறி அதைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கலைஞரின் வருவாயைக் காப்பது நியாயமே. ஆனால், திருட்டுப் பதிவை விற்பவரையும், காசு வாங்காமல் பகிரும் ரசிகரையும் ஒரே பிரிவில் நிறுத்தியிருக்கிறது சட்டம். இருவருக்கும் இடையிலான கோட்டை நீதிபதியின் முடிவுக்கு விடாமல், நாடாளுமன்றமே வரைந்திருக்க வேண்டும்.