தில்லியில் ஓட ஓர் இடம், மூச்சுவிட ஒரு நேரம்

நவம்பர் மாதத்தில் ஒரு காலை, மணி ஆறரை. லோதி தோட்டத்தில் பெரிய கும்பத்தின் உச்சி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. காதை மூடிய கம்பளித் தொப்பியுடன் ஓடுகிறவர்கள் பத்தடி தூரத்தில் தோன்றி, மறுபடி பத்தடியில் மறைகிறார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர் இதைப் பனிமூட்டம் என்றே ரசிப்பார். இரண்டு சுற்று ஓடியதும் தொண்டை கரகரக்கும்போதுதான் விஷயம் புரியும். பனியோடு பாதிக்குப் பாதி புகை.

தலைநகரில் ஓட இடம் தேடுகிறவர்களை முதலில் மயக்குவது புது தில்லியின் தாராளம்தான். 1936இல் கைர்பூர் என்ற கிராமத்தை அப்புறப்படுத்தி உருவாக்கப்பட்ட லோதி தோட்டம் ஏறக்குறைய 90 ஏக்கர். சாணக்கியபுரியில் நேரு பூங்கா. அதற்குப் பக்கத்திலேயே தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாந்தி பாதை: நேரான சாலை, இருபுறமும் புல்வெளி, தேவைக்கு மேலேயே போலீஸ் காவல். விஜய் சௌக்கிலிருந்து இந்தியா கேட் வரை சுமார் 2 கி.மீ. நீளும் கர்த்தவ்ய பாதை (2022 வரை ராஜபாதை) நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குப் பிரியமானது. ஊரே தட்டையாக இருப்பதால் மேடு ஏறிப் பழக வேண்டுமானால் ராய்சினா குன்றுச் சரிவுதான் கதி.

கால் மூட்டுக்கு மண் பாதை கேட்பவர்கள் ரிட்ஜ் காட்டுக்குப் போகிறார்கள். ஆரவல்லி மலைத்தொடரின் வால் நுனி இது. காடு என்றதும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பகுதியும் நம்மூர்க்காரர்கள் வெட்டிக் களைத்த அதே சீமைக் கருவேலம். வடக்கே பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் குரங்குகள் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைக் குறி வைக்கும். பெண்கள் தனியாக ஓடத் தயங்குவதற்குக் காரணம் குரங்குகள் அல்ல. குளிர்காலத்தில் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் விடிகிறது. அந்த இருட்டில் ஆளரவமற்ற பாதையில் ஓட, நான்கைந்து பேராகச் சேர்ந்தால்தான் துணிவு வரும்.

இவையெல்லாம் யமுனைக்கு மேற்கே. கிழக்கே, தமிழர்கள் கணிசமாக வசிக்கும் மயூர் விஹார் பக்கம், சஞ்சய் ஏரிப் பூங்காவை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி இடம் குறைவு. காலனிப் பூங்காவுக்குள்ளேயே செக்குமாடு போலச் சுற்ற வேண்டியதுதான். வெளியே வந்தால் பாலத்துப் போக்குவரத்தும் தெருநாய்களும். நல்ல பாதை வேண்டும் என்பவர் அதிகாலையில் காரை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். கார் இல்லாதவர் பேசாமல் பூங்காவைச் சுற்றுகிறார்.

ஆனால் இடம் கிடைத்தாலும் பிரச்னை தீர்வதில்லை. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் வெயில், மழைக்காலத்தில் புழுக்கம். உடம்புக்கு ஓட இதமான நவம்பர், டிசம்பர், ஜனவரியில் காற்று விஷமாகிறது. ஓடும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், அதிலும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டலுக்கு வேலையே இல்லை. நுண்துகள் அளவு கன மீட்டருக்கு ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய வரம்பு 60. தில்லிக் குளிர்காலம் இரண்டையுமே பொருட்படுத்துவதில்லை.

விஷயம் நீதிமன்றம் வரை போனது 2017இல். அந்த நவம்பரில் புகை ஊரை மூடியபோது, தில்லி அரை மாரத்தானைத் தள்ளி வைக்கச் சொன்னது இந்திய மருத்துவ சங்கம். உயர் நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. பாதையில் உப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, நவம்பர் 19 அன்று போட்டி நடந்தது. பலர் முகமூடியுடன் ஓடினார்கள். அடுத்த ஆண்டு போட்டி சத்தமில்லாமல் அக்டோபருக்கு நகர்ந்தது. டாக்டர்கள் வழக்கில் தோற்று, காலண்டரில் ஜெயித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தனியாக ஓடுகிறவருக்கும் அதே பாடம்தான்: பாதையைவிட நேரம் முக்கியம். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று சிறுவயதில் கற்றது இங்கே செல்லாது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல அழுத்துகிறது. புகை கலைய வழியில்லை. வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை காற்று ஓரளவு தேவலை. சூரியன் சாய்ந்ததும் பழைய கதை. பெரிய சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி ஓடினால் வண்டிப் புகை குறையும். ஊர் முழுவதையும் மூடிய துகளிடமிருந்து மரங்கள் அவ்வளவாகக் காப்பாற்றாது.

ஆகவே பழகியவர்கள் இப்போது ஷூ நாடாவைக் கட்டும் முன் செல்போனில் காற்றுத் தர எண்ணைப் பார்க்கிறார்கள். 300ஐத் தாண்டினால் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் தண்டால் எடுக்கிறார்கள். மூன்று மணிக்கு நேரு பூங்காவில் இளவெயில், பாதையெல்லாம் காலி. ஓய்வுபெற்றவர்கள் சிலர் மட்டும் நிதானமாகச் சுற்றி வருகிறார்கள். மற்றவர்களை அந்த நேரத்துக்கு எந்த அலுவலகம் வெளியே விடும்?