மலைப் புல்வெளியின் அரைப் புல்லுருவி

பிறர் உழைப்பில் வாழ்பவனைப் புல்லுருவி என்று ஏசுவது நம்மவர் வழக்கம். மாமரக் கிளையில் வேரூன்றி, அம்மரத்தின் சாற்றை உறிஞ்சித் தழைக்கும் செடியைக் கண்டே இவ்வசைமொழி பிறந்தது. ஆயின் அச்செடியின் இலை பச்சை நிறமுடையது என்பதை ஏசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பச்சை இலையுடையது கதிரவன் ஒளியால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லது. நீரையும் உப்புக்களையுமே அது பெரிதும் பிறரிடமிருந்து கவர்கிறது. இத்தகையவற்றைத் தாவர சாஸ்திரிகள் அரை ஒட்டுண்ணிகள் என்பர். அவ்வகையைச் சேர்ந்த மலைப்பூவொன்றைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம். பூவைப் பற்றி எழுத இஃதா தருணம் என்று அன்பர் சிலர் வினவலாம். அப்பூவின் வழக்கில் நிலமும் நீரும் சட்டமும் குடிகளின் உரிமையும் அடங்கியிருக்கின்றன என்பதே நமது விடை.

பெடிகுலாரிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். அவ்வினத்தில் 600-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இமயமும் அதனை அடுத்த தென்மேற்குச் சீன மலைகளுமே அதன் தலையாய இருப்பிடம். இலை, சீப்பின் பற்களைப் போலப் பிளவுபட்டிருக்கும். பூவின் மேலிதழ் முக்காடிட்டாற்போல் வளைந்து மகரந்தத்தை மூடி நிற்கும். வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் ஒரு வகையில் அம்மேலிதழ் துதிக்கைபோல் நீண்டு மேனோக்கும். பக்க இதழ்கள் இரண்டும் காதுகளாகத் தோன்றும். அந்நாட்டார் அதனை ‘யானைத் தலை’ என்றே அழைக்கின்றனர்.

இவ்வளவு அழகிய செடிக்கு வாய்த்த பெயரோ இழிவானது. ‘பெடிகுலஸ்’ என்றால் லத்தீனில் பேன். இச்செடி மண்டிய நிலத்தில் மேயும் கால்நடைக்குப் பேன் பிடிக்கும் என்று ஐரோப்பியக் குடியானவர்கள் ஒருகாலத்தில் நம்பினர். ஆதாரமற்ற அந்நம்பிக்கை மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மற்றொரு குற்றச்சாட்டு மெய்யானது. இக்குடும்பத்துச் செடிகள் மண்ணுக்கடியில் அயற்செடிகளின் வேரைப் பற்றுகின்றன என்பதை 1847-ல் டெகேன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் எடுத்துக்காட்டினார். வேரில் சிறு முடிச்சுக்கள் தோன்றி, அண்டையிலுள்ள புல்லின் வேரைத் துளைத்து, நீரோடும் குழாய்களுடன் இணைகின்றன. இலைத் துளைகளைத் திறந்துவைத்து நீரை ஆவியாக விட்டு, புல்லின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது இச்செடி. களவு மெய்ப்பிக்கப்பட்டதென்றே கொள்வோம். ஆயின் களவினால் விளைந்தது என்ன என்பதையும் விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

அதற்குரிய சாட்சி இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கு ‘மஞ்சள் கிலுகிலுப்பை’ என வழங்கும் செடி இக்குடும்பத்தைச் சேர்ந்த அரை ஒட்டுண்ணியே. வைக்கோற்புல்லின் விளைவைக் குறைக்கிறதென்று உழவர் அதனை வெறுத்தனர். 1930-களுக்கும் 1984-க்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாழ்நிலத்து இயற்கைப் புல்வெளிகளில் 97 சதவிகிதம் அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணவும் இழந்தவற்றை மீட்கவும் முயல்வோர் இன்று இச்செடியின் விதையைத் தாமே தேடி விதைக்கின்றனர். காரணம் எளிது. வலிய புல்லை அது அடக்குகிறது. புல்லின் நிழலில் நசுங்கிக் கிடந்த எளிய பூஞ்செடிகள் தலை தூக்குகின்றன. மேலும், சுவீடனின் வடகோடியில் நடந்த ஆராய்ச்சியில், பார்ட்சியா என்ற மற்றோர் அரை ஒட்டுண்ணியின் உதிர்ந்த இலை விரைவில் மட்கி, சுற்றிலுமுள்ள மண்ணுக்கு உரமாவது காணப்பட்டது. வாங்கியதில் ஒரு பங்கையேனும் இச்செடிகள் திருப்பிக் கொடுக்கின்றன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். உத்தராகண்டத்துச் சமோலி ஜில்லாவிலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கில் பெடிகுலாரிஸ் வகைகள் பல பூக்கின்றன. 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர் அதனைக் கண்டு வியந்தனர். அவர் எழுதிய நூலால் உலகம் அதனை அறிந்தது. ஆனால் அவருக்கு முன்பே அங்கு ஆடு மேய்த்து வந்த மலைக்குடிகளுக்கு அது புதிய இடமன்று. 1982-ல் அது தேசியப் பூங்காவாயிற்று, மேய்ச்சல் தடுக்கப்பட்டது. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்ததை அதிகாரிகள் எதிர்பார்க்கவில்லை. ஆளுயரம் வளரும் ஒருவகைப் புதர்ச்செடி பரவிச் சிறு பூக்களை மூடலாயிற்று. மேய்ச்சல் நின்றதே இதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூற, வேறு சிலர் மறுத்தனர். எக்கட்சி மெய்யாயினும் ஒன்று தெளிவு. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தைப் பயன்படுத்தி வந்தவரை வெளியேற்றுவதற்கு முன், அவர்தம் மேய்ச்சல் அங்கு என்ன செய்தது என்று தீர விசாரித்திருக்க வேண்டும்.

தென்னாட்டிலும் இவ்வினம் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளிலும் இலங்கை மலைகளிலும் பெடிகுலாரிஸ் பூக்கிறது. அப்புல்வெளிகளை வெள்ளையர் ஆட்சி தரிசென்று மதித்துச் சீகை மரமும் தைல மரமும் நட்டது. சுதந்திரத்திற்குப் பின் வந்த நம் அரசாங்கமும் செயற்கைப் பட்டு ஆலைகளுக்காக அதே வழியைத் தொடர்ந்தது. மழைநீரைத் தேக்கிவைத்து ஆறுகளுக்கு ஊட்டும் புல்வெளி, மரமில்லாக் குற்றத்திற்காகப் பாழ்நிலமாக எண்ணப்பட்டது.

இப்பூவைத் தோட்டத்தில் வளர்ப்பது மிக அரிது. அதற்கு மலைக்குளிர் வேண்டும். பற்றிக்கொள்ள அயலார் வேர் வேண்டும். மகரந்தம் சுமக்கப் பெருவண்டு வேண்டும். ஆகவே தொட்டியிலிட்டு இதனைக் காத்துவிட்டோம் என்று எவரும் பெருமை கொள்ள இயலாது. புல்வெளி முழுவதையும் காத்தாலன்றி இப்பூ பிழையாது. அரசாங்கத்தாரை நாம் வேண்டுவன இரண்டு. மலைப் புல்வெளியைத் தரிசென்று எழுதும் கணக்கு மாற வேண்டும். அதனைக் காக்கச் சட்டமியற்றுங்கால், அங்கு வாழும் குடிகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவர்தம் வாக்கைக் கேட்க வேண்டும்.