கையை விரி, வில்லை அள

காய்ந்த தென்னை ஈர்க்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒரு சாண், இன்னொன்று இரண்டு சாண். இரண்டையும் லேசாக வளைத்து நூல் கட்டி, நூலை நாலு விரற்கடை இழுத்துப் பாருங்கள். நெட்டையன் தாங்குவான். குட்டையன் 'டப்'பென்று முறிவான். வேட்டை வில்லின் நீளத்தைப் பற்றிய முதல் பாடம் இவ்வளவுதான்.

வளைந்த வில்லுக்குள் இரண்டு எதிரெதிர் வேதனைகள். வெளிப்புறம் இழுபட்டு நீள்கிறது, உள்புறம் நசுங்கிக் குறுகுகிறது. மரம் எவ்வளவு நீளும்? ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு நீண்டாலே பெரும்பாலான மரங்கள் முறியும் விளிம்புக்கு வந்துவிடும். வில் நீளமாக இருந்தால் அதே வளைவை நிறைய மரம் பங்கிட்டுக்கொள்ளும். குட்டை வில்லில் கொஞ்ச மரமே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு நீளம்? அளவுகோல் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டு கைகளையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்தால் 'இழுநீளம்' கிடைக்கும். நாணை நீங்கள் வசதியாகப் பின்னுக்கு இழுக்கக்கூடிய தூரம் அது. ஐந்தரை அடி ஆளுக்குச் சுமார் 26 அங்குலம். ஒரே மரத்தில் செதுக்கிய வில் அதைப் போல இருமடங்கும் மேலே பத்தில் ஒரு பங்கும் இருப்பது நல்லது என்பது வில் செய்கிறவர்களின் கைக்கணக்கு. ஆக, ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. நடுப்பிடி வளையாத கட்டையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

முறியாமல் தப்பித்தாலும் குட்டை வில் வேறு விதமாகப் பழிவாங்கும். முழுதாக இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெரிக்கும். கடைசி ஓரிரு அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும். முயல் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் வேட்டை போச்சு.

இழுத்த வில்லில் எவ்வளவு ஆற்றல் சேரும்? முழுதாக இழுக்க 18 கிலோ பாரம் கேட்கும் வில்லை அரை மீட்டர் இழுத்தால் அதில் சேரும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை நாலரை மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற அளவுதான். ஒரு துண்டு கோவில்பட்டி கடலைமிட்டாயில் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது! ஆனால் அந்தச் சொற்ப ஆற்றல் 30 கிராம் அம்புக்குள் ஒரு நொடிகூட ஆகாமல் பாய்கிறது. அம்பு மணிக்குச் சுமார் 160 கி.மீ. வேகத்தில் கிளம்பும். அதிவேகப் பந்துவீச்சாளர் வீசும் பந்தின் வேகம் அது.

நீளத்துக்கும் விலை உண்டு. நெடிய வில்லின் கனத்த முனைகளை உந்தவே ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும். உடைமரமும் விடத்தலையும் மண்டிய கரிசல் காட்டில் குனிந்து நகர்கிறவனுக்கு நீட்டிய முனை முள்ளில் மாட்டும். மான் காதை நிமிர்த்தும். குதிரைமேல் இருந்து எய்த துருக்கியருக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அவர்கள் மரத்தின் உள்புறம் கொம்பையும் வெளிப்புறம் விலங்குத் தசைநாரையும் ஒட்டினார்கள். நசுங்கலைத் தாங்கக் கொம்பு, இழுப்பைத் தாங்க நார். நாலடிக்கும் குறைவான வில் முறியாமல் வளைந்தது. 1545-ல் மூழ்கி 1982-ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் கிடைத்த வெறும் மர வில்களோ, ஆளை மிஞ்சி ஏறக்குறைய இரண்டு மீட்டர். குதிரையும் இல்லை, முள்ளும் இல்லை. நீளம் அந்தக் கப்பல் வில்லாளிகளுக்கு இடைஞ்சலே அல்ல.

நம் பக்கத்து வில் எவ்வளவு நீளம்? கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கும் முன்பு தோண்டியபோது இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. இரும்பு நின்றது, மரம் மக்கிவிட்டது. ஆனால் அங்கே புதைத்திருந்த முதுமக்கள் தாழிகளில் மனித எலும்புகளும் இருந்தன. ஆளின் கை தெரிந்தால் இழுநீளம் தெரியும். இழுநீளம் தெரிந்தால் வில் எவ்வளவு நீளம் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். தொலைந்த ஆயுதத்தை எலும்பை வைத்து அளப்பது எனக்கு இன்னமும் மாயமாகத்தான் படுகிறது.

இன்று இந்த மண்ணில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. வல்லநாட்டுச் சரணாலயத்து வெளிமான்கள், இந்தியாவில் அந்த இனம் இயற்கையாக வாழும் தென்கோடிக் கூட்டம், அம்பின் பயமில்லாமல் மேய்கின்றன.

வில் மட்டும் போய்விடவில்லை. கோவில் கொடைவிழாவில் மண்குடத்தின் கழுத்தில் முதுகைச் சாய்த்து, மணிகள் தொங்க, வீசுகோலின் அடிக்குக் காத்திருக்கிறதே வில்லுப்பாட்டு வில், அதை உற்றுப் பாருங்கள். எந்த வேட்டைக்காரனும் காட்டுக்குள் சுமக்க விரும்பாத நீளம். அதை யாரும் மார்புவரை இழுக்கப்போவதில்லை, முள்ளுக்குள் தூக்கிப்போகவும் தேவையில்லை. கைநீளக் கணக்கு அங்கே செல்லாது. அடுத்த கொடைக்குப் போகும்போது, பாட்டு தொடங்குமுன் அதன் பக்கத்தில் நின்று உங்கள் இரண்டு கைகளையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.