எழுதியதைச் செய்தாரா?

விளாத்திகுளத்தில் எட்டாம் வகுப்பு. "பத்திரிகைக்காரர் முதலமைச்சர் ஆக முடியுமா, சார்?" என்றாள் ஒரு மாணவி. அண்ணாவைச் சொன்னேன். 'குடிஅரசு', 'விடுதலை' இதழ்களில் பணியாற்றியவர். 1942இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கியவர். 1967 மார்ச் 6இல் முதலமைச்சர்.

"எழுதினதையெல்லாம் செஞ்சாரா?"

பாடநூலில் இல்லாத நல்ல கேள்வி. தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி, நம் கரிசல் பக்கத்து விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். அந்தப் பெயருக்கான தீர்மானத்தை அண்ணா 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1969 ஜனவரி 14இல் அது நடைமுறைக்கு வந்தது. இருபதே நாளில் அவர் மறைந்தார்.

தம் இதழின் பெயரிலேயே இருந்த தனிநாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்டதையும் மறைக்காமல் சொன்னேன். "ஏன் சார்?" என்றாள். பிரிவினைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தத்தைப் பற்றி அடுத்த பாடவேளை முழுக்கப் பேசினோம்.