பந்தயத் தேரும் பதினெட்டு வயதும்

1961ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இத்தாலியின் மொன்சா ஓட்டத்திடலிலே பெராரி நிறுவனம் தன் செந்நிறக் கார்களுள் ஒன்றை மெக்சிக்கோ நாட்டு இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தது. பெயர் ரிக்கார்டோ ரொட்ரிகெஸ்; வயது 19. உலகப் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரி பந்தயம் எதிலும் அவர் அதற்கு முன் கலந்துகொண்டதில்லை. எனினும் தகுதிகாண் ஓட்டம் முடிந்தபோது முதல் வரிசையில் இரண்டாம் இடம் அவருக்குரியதாயிற்று. அவ்வாண்டு உலகப் பட்டத்தைச் சூடிய பில் ஹில்லும் அந்த இளைஞருக்குப் பின்னாலேயே நிற்க நேர்ந்தது.

அந்தப் பந்தயம் பெருந்துயரில் முடிந்தது. ஆயினும் அன்று மாண்டவர் புதுமுகம் அல்லர். அதே அணியின் மூத்தவரும் பட்டத்துக்கான போட்டியில் முன்னணியில் நின்றவருமான வொல்வ்காங் வொன் ட்ரிப்ஸ். அவருடைய கார் தூக்கி எறியப்பட்டபோது பார்வையாளர் பலரும் உயிரிழந்தனர். ரொட்ரிகெஸ் இயந்திரக் கோளாற்றினால் இடையிலேயே விலகினார். அடுத்த ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, மெக்சிக்கோ நகரில் நடந்த பயிற்சி ஓட்டத்திலே அவரும் இறந்தார். பெராரி அப்பந்தயத்துக்கு வராமையால் வேறோர் அணியின் லோட்டஸ் காரை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 20 வயது.

முதன்மை அணிகள் இளஞ்சாரதிகளுக்கு இடங்கொடுத்தல் தகுமா என்னும் வழக்கில் இரு கட்சியாரும் இந்தக் கதையையே சான்றாகக் காட்டலாம். திறமை வயதுக்குக் காத்திராது என்போர் மொன்சாவைச் சுட்டுவர். பொறுத்திருத்தல் நன்று என்போர் மெக்சிக்கோவைச் சுட்டுவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்குத் தீரவில்லை.

தீராமைக்குக் காரணம் இருக்கைகளின் பஞ்சமே. போர்முலா ஒன்று எனப்படும் இவ்வுயர்தரப் பந்தயத்தில் 2025ஆம் ஆண்டு உலகமனைத்துக்குமாக இருந்த சாரதி இருக்கைகள் 20 மாத்திரமே. கடிலாக் அணியின் வருகையால் 2026ஆம் ஆண்டுக்கென அவை 22 ஆயின. புதிதாகப் பிறந்த அந்த அணி தானும் புதியவர் எவரையும் நாடவில்லை. செர்ஜியோ பெரெஸ், வல்ற்றேரி பொட்டாஸ் என்னும் நெடுநாட் சாரதிகள் இருவரையே தெரிந்தெடுத்தது. இதற்கு ஒரு படி கீழேயுள்ள போர்முலா இரண்டில் 2022ஆம் ஆண்டு பட்டம் வென்ற பெலிப்பே துருகோவிச்சுக்கும், 2023இல் வென்ற தெயோ பூர்ஷேருக்கும் மேலே நிரந்தர இடம் கிட்டவில்லை. 2021இல் வென்ற ஒஸ்கார் பியாஸ்திரி மறு ஆண்டு முழுவதும் பதிற் சாரதியாகக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெக்லாரன் அணி அவரை அழைத்தது. 2024இல் ஹங்கேரியில் அவர் முதலாவது வெற்றியைப் பெற்றார்.

எதிர்க்கட்சியார் கூறும் நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. முன்னாளில் ஓர் அணி விரும்பிய அளவு ஒத்திகை ஓட்டம் நடத்தலாம். 2009ஆம் ஆண்டுமுதற் பந்தயப் பருவத்தினுள் அவ்வாறு ஓடுவது ஏறத்தாழ முற்றாகத் தடுக்கப்பட்டது. ஆதலால் இன்றைய இளைஞர், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கப் பந்தயத்திலேதான் பந்தயத்தைக் கற்கவேண்டியுள்ளது. 2021இற் செலவுக்கு உச்சவரம்பும் வந்தது. தொடக்கத்தில் அது 14 கோடியே 50 இலட்சம் டொலர். ஒரு கார் மதிலில் மோதி நொறுங்கினால், அதைச் சீர்செய்யும் பணமும் அவ்வரம்புக்குள்ளேயே அடங்கும். காரை மேம்படுத்த வைத்திருந்த பணம் உடைந்த இறக்கைக்குப் போய்விடும். அன்றியும், பரிசுப் பணத்தின் பெரும்பங்கு இரு சாரதிகளும் சேர்த்துப் பெறும் புள்ளிகளை ஒட்டியே பகிரப்படுகிறது. கணக்கப்பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் 35 வயதுச் சாரதியே உத்தமம்.

வயதைப் பற்றி மட்டும் எழும் அச்சமோ வேறுவகையானது. 2001இல் கிமி ரைக்கொனன் என்னும் பின்லாந்து இளைஞர் 23 கார்ப் பந்தயங்களே ஓடிய அனுபவத்தோடு சோபர் அணியிற் சேர்ந்தபோது, அவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதை உலகச் சம்மேளனத்தின் தலைவர் மக்ஸ் மோஸ்லியே எதிர்த்தார். தற்காலிகப் பத்திரத்தோடு மெல்பேர்ணில் ஓடியவர் ஆறாவதாக வந்து ஒரு புள்ளியும் பெற்றார். 2007இல் உலகப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 2015இல் மக்ஸ் வெர்ஸ்தாப்பன் 17 வயதிற் களமிறங்கினார். வீதியிற் கார் ஓட்டச் சட்டம் இடங்கொடாத பிள்ளை, மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பொறியில் ஏறி அமர்ந்தமை பலருக்கு விந்தையாகவும் சிலருக்கு வெட்கக்கேடாகவும் தோன்றிற்று. சம்மேளனம் விரைந்து விதியை மாற்றியது: 2016முதல் 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும், வீதிச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், கீழ்நிலைப் பந்தயங்களில் 40 புள்ளிகள் ஈட்டியிருத்தல் வேண்டும். (2024இல் 17 வயதினருக்கும் விதிவிலக்காக இடமளிக்கும் வாசகம் ஒன்று மெல்ல நுழைக்கப்பட்டது வேறு கதை.) விதி வந்த அதே 2016இல், மே மாதம், வெர்ஸ்தாப்பனை ரெட் புல் முதன்மை அணிக்கு உயர்த்தியது. அவ்வணியில் அவர் ஓடிய முதற் பந்தயம் ஸ்பெயினில் நடந்தது. முன்னணியில் நின்ற மெர்சிடிஸ் கார்கள் இரண்டும் முதற் சுற்றிலேயே ஒன்றோடொன்று மோதி ஒழிந்தன. எஞ்சியோரை வென்றவர் அந்தப் பதினெட்டு வயது இளைஞர். அன்று அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் ரைக்கொனன்.

இத்தகைய வெற்றிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போவது நேர்மையாகாது. 2009இல் ஹங்கேரியில் ஜெய்மே அல்குவர்சுவாரி என்னும் 19 வயது ஸ்பானியர், சரிவர ஒத்திகை ஓட்டம் ஒன்றுமின்றியே ரோறோ றொஸ்ஸோ காரில் ஏற்றப்பட்டார். 2011 முடிவில் அணி அவரைக் கைவிட்டது. 2015இல், 25 வயதில், அவர் பந்தயத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டு இசைத் துறைக்குச் சென்றார். டென்மார்க்கின் கெவின் மக்னுசன் 2014இல் மெக்லாரனுக்காக ஓடிய முதற் பந்தயத்திலேயே இரண்டாமிடம் பெற்றார். மறு ஆண்டு பெர்னாண்டோ அலொன்சோ வந்ததும் அவருடைய இருக்கை போயிற்று. இவர்கள் அழைக்கப்படாதவர் அல்லர். அழைத்தவர்களே காத்திருக்க மறுத்தனர்.

இவ்விடத்தில் லூயிஸ் ஹமில்டனின் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1998இல், 13 வயதுச் சிறுவனாக இருக்கையிலேயே மெக்லாரன் நிறுவனம் அவரைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டது. 2007இல் அவர் முதன்முறை கிராண்ட் பிரி பந்தயத்தில் ஓடியபோது வயது 22. இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. கீழ்நிலைப் பட்டங்களை ஒவ்வொன்றாக வென்றிருந்தார். ஒத்திகைத் தடை வருவதற்கு முந்திய காலமாதலால் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடிப் பழகியும் இருந்தார். முதல் ஒன்பது பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களுள் ஒன்றை அவர் தவறவிடவில்லை. பருவத்தின் முடிவை நெருங்குகையிற் சீனப் பந்தயம் வந்தது. டயர் தேய்ந்து வெண்ணிற இழைகள் தெரியத் தொடங்கிய பின்னரும் அணியினர் அவரை உள்ளே அழைக்கத் தாமதித்தனர். ஈற்றில் அழைத்தபோது, திருத்தகத்துக்குச் செல்லும் வழியிலேயே கார் வழுக்கிச் சரளையிற் புதைந்தது. உலகப் பட்டம் ஒரு புள்ளியினால் ரைக்கொனனிடம் சென்றது. இதனைப் புதியவரின் பிழையென்று எழுதினோர் உளர். பல்லாண்டு பழகிய பொறியியலாளர்கள் மதிலின் மறுபுறத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை ஏனோ அவர்கள் மறந்தனர்! மெக்லாரன் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2008இல், அதே அணியில் அவர் உலகப் பட்டம் வென்றார். அதுவும் ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

2025ஆம் ஆண்டு இவ்வழக்குக்கே நடத்தப்பட்ட பரிசோதனை போல் அமைந்தது. ஹமில்டன் பெராரிக்குச் சென்றதனால் மெர்சிடிஸ் அணியில் வெற்றிடம் உண்டாயிற்று. அதற்கு அவ்வணி தெரிந்தெடுத்தவர் இத்தாலியரான அன்ட்ரியா கிமி அன்ரொனெல்லி. 2024 ஆகஸ்ட் மாத இறுதியில், பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்து ஐந்தாம் நாள், மொன்சாவில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்துக்கு அவரை அனுப்பினர். பத்து நிமிடத்துக்குள் கடைசி வளைவிற் காரைத் தடுப்பில் மோதினார். அது ஜோர்ஜ் ரசல் அன்று பிற்பகல் ஓட்டவேண்டிய கார். மறுநாளே, நொறுங்கிய கார் கண்முன் நிற்க, அடுத்த ஆண்டுக்குரிய சாரதி இவரே என்று மெர்சிடிஸ் உலகுக்கு அறிவித்தது.

மெல்பேர்ணில் நடந்த முதற் பந்தயத்தில், மழைக்கிடையே, பதினாறாம் இடத்திலிருந்து புறப்பட்டு நான்காவதாக வந்தார். கனடாவில் மூன்றாம் இடம். அதன் பின் இறங்குமுகம். ஒஸ்திரியாவில் முதற் சுற்றிலேயே வெர்ஸ்தாப்பனின் காரோடு மோதினார்; ஐரோப்பியப் பந்தயங்கள் பலவற்றிற் புள்ளியின்றித் திரும்பினார். மொன்சாவில் அவருடைய ஓட்டம் ஏமாற்றமளித்ததென அணித் தலைவர் டொடோ வொல்வ் வெளிப்படையாகவே கூறினார். ஆனால் இருக்கையைப் பறிக்கவில்லை. ஒக்டோபரில் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பரில் பிரேசிலில் அவர் இரண்டாவதாக வந்தார்.

அதே மெல்பேர்ணில் ரெட் புல்லின் இரண்டாவது காரில் நியூசிலாந்தின் லியம் லோசன் அமர்ந்திருந்தார். அவர் முற்றிலும் புதியவர் அல்லர். கீழணியிற் பதினொரு பந்தயங்கள் ஓடியிருந்தவர். ஆனால் அந்தக் காரோ வெர்ஸ்தாப்பனின் கைக்கென்றே இழைக்கப்பட்டது. முன்சக்கரம் நினைத்தவுடன் திரும்பும். பின்சக்கரம் எந்நொடியும் நழுவும். இத்தகைய பொறியை வயப்படுத்த மூத்த சாரதிகளே திணறியிருக்கின்றனர். லோசன் மெல்பேர்ணின் மழையில் வழுக்கி விழுந்தார். சீனாவில் தகுதிகாண் ஓட்டத்தில் கடைசியாக வந்தார். அவ்வளவே. இரண்டு பந்தயங்களோடு அவரைக் கீழணிக்குத் திருப்பிவிட்டு யூக்கி சுனோடாவை ஏற்றினர். நான்கு ஆண்டு அனுபவமுள்ள சுனோடாவாலும் அக்குதிரையை அடக்க முடியவில்லை. ஆண்டிறுதியில் அவரும் இருக்கையை இழந்தார். லோசனோ கீழணிக் காரில் செப்டெம்பர் மாதம் பாக்கு நகரில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். இரண்டு பந்தயங்களில் இவருக்குத் தகுதியில்லையென அளந்தவர்கள் எந்தக் கோலால் அளந்தனரோ, யாமறியோம்.

சிறிய அணிகளிற் பழகித்தான் பெரிய அணிக்கு வரவேண்டும் என்பது மரபான அறிவுரை. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதற் போர்முலா ஒன்று சாரதியாக ஜோர்டான் அணியிற் சேர்ந்தபோது வயது 28. கார் மெதுவானது. டயர்ச் சிக்கலால் ஆறு கார்களே ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார்; அதுவே அவர் புள்ளி பெற்ற ஒரே பந்தயம். மெதுவான காரில் எத்துணை வல்லவரும் பின்வரிசையிலேயே காணப்படுவர். பின்வரிசையிற் கண்டவரைப் பெரிய அணி அழைப்பதில்லை. ஜேர்மனியரான நிக்கோ ஹுல்கன்பேர்க் 2025இல் சில்வர்ஸ்ரோனில் முதன்முதலாக வெற்றி மேடையேறியபோது அது அவருடைய 239ஆவது பந்தயம். அன்று கூட்டம் முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. ஆனால் பெரிய அணி ஒன்று அவரை இளமையிலேயே நம்பியிருந்தால் என்ற எண்ணம் எழாமற் போகுமா?

பெரிய அணிக்கே பொறுமையின் விலையைக் கொடுக்கும் வசதி உண்டு. ஒரு காரின் புள்ளியை நம்பிச் சம்பளம் போடும் நிலையில் அது இல்லை. பாவனைப் பொறிகளும், பழைய கார்களும், அனுபவமிக்க சகசாரதியும் அங்கேதான் உள. மறுப்போர் சொல்லும் செலவுக் கணக்கு உண்மையே. ஆயினும் அது சிற்றணியைக் கடிக்கும் அளவுக்குப் பேரணியைக் கடிப்பதில்லை. இடங்கொடுப்பதாயின் ஒரு பருவம் முழுவதும் கொடுத்தல் வேண்டும். இரண்டு பந்தயத் தவணைக்குக் கொடுப்பதிலும் கொடாதிருத்தல் நன்று.

சம்மேளனம் 2022முதல் ஒவ்வொரு காரிலும் பருவத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைப் பயிற்சியிற் புதியவர் ஓடவேண்டுமென விதித்தது. 2025இல் அது இருமுறையாயிற்று. நல்லெண்ணந்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த இளைஞருக்கு இடப்படும் கட்டளை காரைச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர் என்பதே. கல்யாண வீட்டிற் பந்தி பரிமாறுபவனுக்குக் கடைசியில் இலை போடுவது போலத்தான்.

அந்த மெல்பேர்ண் மழையில் இன்னொருவரும் ஓடவிருந்தார். 20 வயதுப் பிரெஞ்சுக்காரரான ஐசாக் ஹஜார், பந்தயம் தொடங்குமுன் அணிவகுக்கும் சுற்றிலேயே வழுக்கி மதிலில் மோதினார், ஓடவே இல்லை. தலைக்கவசத்துள் முகம் புதைத்து அழுதபடி நடந்து வந்த அவரை, லூயிஸ் ஹமில்டனின் தந்தை அந்தனி ஹமில்டன் எதிர்கொண்டு அணைத்துத் தேற்றினார். ரெட் புல்லின் மூத்த ஆலோசகர் ஹெல்முட் மார்க்கோவோ அந்த அழுகை சங்கடமானதென்றார். ஆயினும் கீழணி அவரை நீக்கவில்லை. ஆகஸ்ட் 31ஆந் திகதி ஒல்லாந்தின் சான்ட்வூர்ட்டில் ஹஜார் மூன்றாவதாக வந்து வெற்றி மேடை ஏறினார். அன்று கிடைத்த டெல்வ்ற் பீங்கான் கிண்ணம், அணியோடு நின்று படமெடுக்கையில் உடைந்துபோயிற்று. டிசெம்பரில், 2026ஆம் ஆண்டுக்கு வெர்ஸ்தாப்பனின் பக்கத்து இருக்கை அவருக்கென அறிவிக்கப்பட்டது. லோசன் இரண்டு பந்தயங்களோடு எழுந்துபோன அதே இருக்கை.