வதந்தியை வளர்க்கும் மௌனம்

எதையேனும் மறைத்துப் பேசுபவரைப் பார்த்து, 'அதென்ன சிதம்பர ரகசியமா?' என்று கேட்பது தமிழர் வழக்கம். தில்லை நடராஜர் சந்நிதியில் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வ இலை மாலையும் வெட்டவெளியும்தான். அது இறைவனின் ஆகாய வடிவம் என்பதைத் திரை விலகும் முன்பே பக்தர்கள் அறிவர். மென்பொருள் நிறுவனங்கள் இட்டிருக்கும் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதோ, வெளியீட்டு நாள் வரை பயனாளிகளுக்குத் தெரிவதில்லை.

வெளிவராத மென்பொருளை மறைத்து வைப்பதில் நியாயம் உண்டு. போட்டியாளர் முந்திக்கொள்ளக்கூடும், சோதனையில் உள்ள வசதி இறுதியில் கைவிடப்படவும்கூடும். அதனால்தான் சோதனைப் பதிப்பைப் பெறுவோரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் பெறப்படுகிறது. ஒப்புக்கொண்டவர் வாய் திறவாதிருப்பதும் முறையே. ஆனால், புதிய வண்ணத்தையோ கேமராவையோ மறைப்பதும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி தொடருமா என்பதை மறைப்பதும் ஒன்றாகுமா?

பார்வையற்ற நான், கைப்பேசியைக் காதால் படிப்பவன். திரையில் விரல் படும் இடத்தில் உள்ளதைத் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லும். ஒவ்வொரு பொத்தானுக்கும் மென்பொருளை உருவாக்கியோர் எழுதி வைத்த பெயரையே அது படிக்கிறது. புதிய பதிப்பில் அப்பெயரை எழுத மறந்துவிட்டால், 'பொத்தான்', 'பொத்தான்' என்று மட்டுமே ஒலிக்கும். பணம் அனுப்புவது எது, ரத்து செய்வது எது என்று தெரியாது. பார்வையுள்ளோருக்குத் தோற்ற மாற்றமாக மட்டும் தெரியும் ஒரு புதுப்பிப்பு, நேற்று வரை எங்களுக்குத் திறந்திருந்த கதவை அடைத்துவிடலாம்.

ஆகவேதான், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தில் சென்று வரும் என் போன்றோரின் பேச்சில் வதந்திக்குப் பஞ்சமில்லை. 'அடுத்த பதிப்பில் தமிழ்க் குரலை எடுத்துவிடப் போகிறார்களாம்', 'பழைய கைப்பேசியில் இனித் திரைவாசிப்பான் இயங்காதாம்' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு வரியை நம்பி, ஒருவர் கைப்பேசி வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். மற்றொருவர் பாதுகாப்புக்கான புதுப்பிப்பையும் ஏற்க அஞ்சுகிறார்.

2022 மே மாதம் ஆப்பிள் நிறுவனம், தனது வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானில் மேலும் 20-க்கும் அதிகமான மொழிகளும் வட்டார வழக்குகளும் சேரும் என அறிவித்தது. எடுத்துக்காட்டாக அதில் சொல்லப்பட்டவை வங்கம், பல்கேரியம், கேட்டலான், உக்ரைனியம், வியத்நாமியம் ஆகிய ஐந்து மட்டுமே. செப்டம்பரில் ஐஓஎஸ் 16 வெளிவந்தபோது தமிழும் அதில் இருந்தது. அந்த மே மாத அறிவிப்பை மட்டும் படித்த தமிழருக்கு நான்கு மாதமும் மிஞ்சியது ஊகமே. முழுப் பட்டியலையும் அன்றே தந்திருந்தால் எந்த வணிக ரகசியம் குலைந்திருக்கும்?

வதந்தியை நம்புவோரைக் கடிந்து பயனில்லை. கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எண்ணிப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலின் சீற்றத்தைக் கண்ட ஊர் இது. புயல் எங்கே கரை கடக்கும் என்பது உறுதியாகாத நிலையிலும், வானிலை ஆய்வு மையம் தான் அறிந்ததை அறிந்த அளவுக்குத் தொடர்ந்து சொல்லி வருகிறது. நம்பத் தகுந்த செய்தி உரிய நேரத்தில் வந்தால், வதந்தியைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைகிறது.

மென்பொருள் உலகிலும் இது இயலாததன்று. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்னும் கட்டணமில்லாத் திரைவாசிப்பானின் சோதனைப் பதிப்புகளை எவரும் பெறலாம். என்னென்ன மாறுகின்றன, எந்தப் பிழை இன்னும் தீரவில்லை என்பதெல்லாம் பொதுவில் பேசப்படுகின்றன.

2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ம வசதிகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி போன்ற நிறுவனங்கள் செயலியை வடிவமைக்கும்போதும், புதிய வசதியை வெளியிடும்போதும், பயனர் சோதனையில் பார்வையற்றோரை ஈடுபடுத்தலாம் என்றும் அது கூறியது. அந்த 'ஈடுபடுத்தலாம்', 'ஈடுபடுத்த வேண்டும்' என மாறுவது அவசியம்.

அத்துடன், இப்போதுள்ள அணுகல் வசதிகளில் எவை தொடரும், எவை மாறும், எவை இன்னும் பழுதுடன் உள்ளன என்பதை வெளியீட்டுக்கு முன்பே நிறுவனங்கள் எழுத்தில் தர வேண்டும். அரசுச் செயலிகளுக்கும் இதுவே விதியாகட்டும். மற்ற ரகசியங்களை அவர்கள் காத்துக்கொள்ளட்டும். புதுப்பித்த மறுநாள் காலை என் கைப்பேசி என்னுடன் பேசுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.