எலாஸ்டிக்: மீட்சியா, நெகிழ்ச்சியா?

இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றுப் பொருளியல் முதுகலை பயில வந்த மாணவர் ஒருவர், முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்டார்: "ஐயா, எலாஸ்டிசிட்டி என்பதை அங்கே மீட்சி என்று படித்தேன், இங்கே நெகிழ்ச்சி என்கிறீர்கள். எது சரி?" இரண்டும் சரி என்று கூறி அன்று பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை.

எலாஸ்டிக் என்னும் ஆங்கிலப் பெயரடை 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. 'ஓட்டு', 'அடித்து நீட்டு' எனப் பொருள்படும் கிரேக்க வினையே அதன் வேர். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ழான் பெக்கே 1650-களில் காற்றின் இயல்பைக் குறிக்க அதை இலத்தீனில் ஆக்கினார். இன்று உடையில் தைக்கும் ரப்பர் நாடா அன்று கிடையாது. எலாஸ்டிக் என்றால் காற்றுதான். அமுக்கினால் சுருங்கி, விட்டால் விரியும் காற்றை, 1660-இல் ராபர்ட் பாயில் ஆட்டுக் கம்பளிக்கு ஒப்பிட்டார். இழுக்கும் விசைக்கேற்ப நீட்சி அமையும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளிப்படையாக எழுதியபின், அச்சொல் திடப்பொருள்களிடம் நிலைபெற்றது.

இங்கேதான் வழக்குமொழியும் அறிவியலும் பிரிகின்றன. நமக்கு எலாஸ்டிக் என்றால் எளிதில் நீள்வது. இயற்பியலுக்கோ உருமாற்றத்தை எதிர்த்துப் பழைய நிலைக்கு மீள்வது. அந்த அளவுகோலில் ரப்பரைவிட எஃகே மீட்சி மிக்கது. எஃகின் யங் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், ரப்பருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பொருளியலுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் மார்ஷல். 1881-82 குளிர்காலத்தில் சிசிலியின் பலெர்மோ நகரில், தங்கியிருந்த விடுதியின் மொட்டைமாடியில் இக்கருத்து அவருக்கு உதித்ததாக அவர் மனைவி மேரி நினைவுகூர்ந்திருக்கிறார். 1890-இல் வெளிவந்த அவருடைய 'பொருளியல் கோட்பாடுகள்' நூல் அதைப் பரப்பியது. விலை 10 சதவீதம் ஏறும்போது வாங்கும் அளவு 2 சதவீதமே குறைந்தால் நெகிழ்ச்சி 0.2. உப்பு அத்தகையது, விலை ஏறினாலும் ஏழை உப்பைக் குறைக்க இயலாது. உப்பு வரி அரசுகளுக்கு இனித்ததும் மக்களுக்குக் கசந்ததும் இதனாலேயே.

மார்ஷலின் சொல்லில் மீள்தல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலையேற்றத்தால் காபியை விட்டுத் தேநீருக்கு மாறியவர், விலை இறங்கியதும் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. விலைக்கு வாங்குவோர் எவ்வளவு இசைகிறார்கள் என்பதே கணக்கு. ஆகவே மீட்சி என்று பெயர்க்காமல் நெகிழ்ச்சி எனத் தேர்ந்த நம் பாடநூலாசிரியர்கள், மூலச்சொல்லைவிடத் தெளிவாகவே பொருளைப் பிடித்தார்கள். அந்த மாணவருக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு நெருடல் எஞ்சுகிறது. இயற்பியலில் எலாஸ்டிக்குக்கு எதிர்ச்சொல் பிளாஸ்டிக். வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடுவது. அப்பெயர் கொண்ட பொருளை இன்று தமிழில் நெகிழி என்கிறோம். ஆங்கிலத்தில் எதிரெதிராக நிற்கும் இரு சொற்களும் தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைத்துவிட்டன.